நுரையீரலில் புள்ளியாம்! பரிகாரமாம்!

சமீப காலமாய் நமது பட்டணங்களிலும், அவற்றை ஒட்டிய கிராமங்களிலும் ஒரு புதுவிதமான பயம் புகுந்திருக்கின்றது. அதாவது, ஒரு மனிதன் நன்றாய்ச் சாப்பிட்டு, நன்றாய் நடந்து, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு இருக்கின்றான். ஏதோ ஒரு காரணத்தை முன்னிட்டு, குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்போ, வண்டியிலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டோ, அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பி முழு உடம்பையும் பரிசோதித்துக் கொள்ளும்படி வற்புறுத்தியதாலோ, மார்பை ஸ்கேன் எடுத்துக்கொள்ளுகின்றான். மறுநாள் வரும் ரிப்போர்ட்டில், "வலது நுரையீரலின் மேல் பாகத்தில் 5 மில்லிமீட்டர் நாட்யூல் ஒன்று காணப்படுகின்றது" என்று ஒரு வரி இருக்கின்றது. அவ்வளவுதான்! அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை; தூக்கம் வருவதில்லை. நேற்று வரை மாடிப்படி ஏறியவனுக்கு இன்று முதல் மூச்சு வாங்குகின்றது.

2020, 2021 ஆகிய கொரோனா வருஷங்களில் மார்பு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுவது நம் நாட்டில் சர்வசாதாரணமாய்ப் போய்விட்டதல்லவா? அப்போது கொரோனாவுக்காக எடுத்த படத்தில் கொரோனாவுக்குச் சம்பந்தமே இல்லாத இப்படிப்பட்ட புள்ளிகள் வெளியாகி, அன்று பிடித்த பயத்தை இன்றும் மடியில் கட்டிக்கொண்டு திரிபவர்கள் உண்டு. இந்தப் பயம் யாருக்கு லாபமாய் முடிகின்றது, யாருக்கு நஷ்டமாய் முடிகின்றது என்பதைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

நமக்குத் தெரிந்த இரண்டு பேருடைய சங்கதியைச் சொல்லுகின்றோம். ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயினி. வயது 40. புகை என்பதைக் கையால் தொட்டதில்லை. புள்ளியின் அளவு 4 மில்லிமீட்டர். டாக்டர், "ஒன்றும் செய்ய வேண்டாம், போய் வாருங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, அம்மையாரும் கேட்கவில்லை. விளைவு என்னவென்றால், வளையலை விற்று மூன்று ஊர்களில் நான்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டார். மற்றவர் ஜவுளிக் கடைக்காரர். வயது 58. முப்பது வருஷமாய் சிகரெட். புள்ளியின் அளவு 9 மில்லிமீட்டர். "மூன்று மாதத்தில் கட்டாயம் மறுபடி வரவேண்டும்" என்று டாக்டர் சொன்னார். இவரோ நேரே ஜோசியரிடம் போனார். ஜோசியர் கட்டத்தைப் போட்டுப் பார்த்து, ராகு சரியில்லை என்றும், ஒரு ஹோமமும் பதினொரு வாரம் விளக்கும் போட்டால் புள்ளி தானே கரைந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். ஹோமம் நடந்தது, விளக்கும் எரிந்தது, உடம்பிலும் ஒரு தொந்தரவும் இல்லை. "பார்த்தீர்களா!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தார். பதினான்காவது மாதம் இருமலில் ரத்தம் வந்தது. அப்போது எடுத்த படத்தில் புள்ளி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, எலும்புக்கும் பரவியிருந்தது.

அவசியமில்லாதவர் அலைந்தார், அவசியமானவர் சும்மா இருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தப் புள்ளி என்பது இன்னது என்று இருவருக்கும் தெரியாததேயாகும்.

ஆகவே முதலில் அது என்னவென்று பார்ப்போம். நுரையீரல் என்பது காற்று நிறைந்த பஞ்சு மாதிரி. எக்ஸ்ரே கிரணம் காற்றின் வழியாய்த் தடையில்லாமல் போய்விடுவதால் படத்தில் நுரையீரல் கருப்பாய்த் தெரியும். அந்தக் கருப்பில் காற்றைவிடக் கெட்டியான எது இருந்தாலும் அது வெள்ளையாய்த் தெரியும். அப்படித் தெரியும் உருண்டையான வெள்ளைப் புள்ளி 3 சென்டிமீட்டர் வரையில் இருந்தால் அதற்கு நாட்யூல் என்று பெயர். அதற்கு மேற்பட்டால் வேறு பெயர். நாட்யூல் என்றால் சிறு முடிச்சு என்றுதான் அர்த்தமே தவிர, அது ஒரு வியாதியின் பெயரே அல்ல. ஆனால் நம்மவர்கள் அதைத் தமிழாக்கும்போது "கட்டி" என்று ஆக்கிவிடுகிறார்கள். கட்டி என்றவுடன் கேட்பவன் காதில் "புற்றுநோய்" என்று விழுந்துவிடுகின்றது. ஒரு வார்த்தையின் மொழிபெயர்ப்பிலேயே பாதிப் பிராணன் போய்விடுகின்றது!

"எங்கள் பாட்டன் காலத்தில் இப்படியெல்லாம் புள்ளி இருந்ததா?" என்று சிலர் கேட்கின்றார்கள். இருந்தது, பார்க்கக் கண் இல்லை. 1895ம் வருஷம் ராண்ட்ஜன் என்பவர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதில் மார்பு முழுவதும் ஒரே படமாய் விழுவதால், விலா எலும்பும் இருதயமும் ரத்தக்குழாயும் ஒன்றின்மேல் ஒன்று மறைத்துக்கொண்டு, மிளகளவுப் புள்ளி பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். 1971ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவரின் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. அதுதான் இன்றைய சி.டி. ஸ்கேன். அதற்காக 1979ல் அவருக்கும், அதன் கணக்கை வகுத்த கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இப்போதைய ஸ்கேனோ மார்பை ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாய் அறுத்துக் காட்டுகின்றது. ஓட்டு வீட்டில் ஓட்டை வழியாய் வெயில் விழும்போது அந்த வெயிலில் தூசி பறப்பது தெரிகின்றதல்லவா? அந்தத் தூசி வெயிலோடு கூட உள்ளே வந்தது என்று யாராவது சொல்லுவார்களா?

நிற்க, அந்தப் புள்ளி எதனால் ஏற்படுகின்றது? நம் நாட்டில் முதலாவது காரணம் காசநோய். உலகத்தில் வருஷந்தோறும் காசநோய் காணுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கின்றார். அதன் கிருமியை 1882ல் கோக் என்பவர் உலகத்துக்குக் காட்டினார். இந்தக் கிருமி உள்ளே புகுந்த எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோருடைய உடம்பு அதைச் சுற்றி வளைத்துச் சுவர் எழுப்பிச் சிறைப்படுத்திவிடுகின்றது. அந்தச் சிறைச்சாலையின் மேல் நாளடைவில் சுண்ணாம்புச் சத்து படிந்து ஒரு தழும்பாய் நின்றுவிடும். சிறு வயதில் முழங்காலில் பட்ட காயத்தின் வடு ஐம்பது வயதிலும் இருப்பதில்லையா? அதுபோல நுரையீரலிலும் ஒரு வடு. முழங்கால் வடுவுக்கு யாரும் ஹோமம் செய்வதில்லை.

தவிர, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சிறு நிணநீர் முடிச்சு புள்ளியாய்த் தெரியலாம், ஆறிப்போன சளிக் காய்ச்சலின் மிச்சமாய் இருக்கலாம், பூஞ்சையாய் இருக்கலாம், கல் குவாரியிலும் கிரஷரிலும் வருஷக்கணக்காய்க் கல்தூசியைச் சுவாசித்த தொழிலாளியானால் அந்தத் தூசியே புள்ளி புள்ளியாய்ப் படிந்திருக்கலாம். (இந்தக் கடைசி ரகத்துக்கு ராகுவும் கேதுவும் காரணமல்லர், தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கப் பணமில்லை என்ற முதலாளியே காரணம். அது தனியாய் எழுத வேண்டிய விஷயம்.) கடைசியாக, அது புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். வேறு உறுப்பில் உள்ள புற்று இங்கு வந்து தங்கியதாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் நூறு பேரில் எத்தனை பேருக்கு? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 2010ம் வருஷத்தை ஒட்டிப் போட்ட ஒரு கணக்குப்படி, வேறு காரியத்துக்காக எடுத்த ஸ்கேனில் இம்மாதிரிப் புள்ளி தென்பட்டவர்கள் ஒரு வருஷத்தில் 15 லட்சத்துக்கு மேல். இரண்டு வருஷத்துக்குள் நுரையீரல் புற்று என்று தெரிய வந்தவர்கள் சுமார் 63,000. அதாவது நூற்றுக்கு நாலு பேர். இன்னொரு கணக்கையும் பாருங்கள். நீண்ட காலம் சிகரெட் குடித்தவர்கள் 53,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்கேனும் பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயும் எடுத்து ஒரு பெரிய ஆராய்ச்சி அங்கு நடத்தி 2011ல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்கேனில் சந்தேகம் என்று சொல்லப்பட்டவற்றில் நூற்றுக்கு 96 புற்றுநோய் அல்ல என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதே ஆராய்ச்சியில், ஸ்கேன் எடுத்த கூட்டத்தில் நுரையீரல் புற்றால் சாவது நூற்றுக்கு 20 வீதம் குறைந்தும் இருந்தது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பிடிப்பவன் உபாத்தியாயினி மாதிரி அலைவான், அல்லது ஜவுளிக் கடைக்காரர் மாதிரி ஏமாறுவான்.

சரி, நூறு பேரில் அந்த நாலு பேர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்ளுவது? முதலாவது அளவு. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைக் கொண்டே இதைச் சொல்லலாம். கடுகு என்றால் 2 மில்லிமீட்டர். மிளகு சுமார் 5. கொண்டைக்கடலை 8 அல்லது 9. நல்ல நெல்லிக்காய் 25க்கு மேல். மிளகளவுக்கு உட்பட்ட புள்ளி புற்றாய் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கொண்டைக்கடலையைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. நெல்லிக்காயை நெருங்கினால் சந்தேகம் வெகுவாய்க் கூடிவிடுகின்றது. இரண்டாவது அதன் உருவம். ஓரம் வழுவழுப்பாய் இருப்பது ஒரு மாதிரி. முள்ளு முள்ளாய் நாலா பக்கமும் கால் நீட்டுவது வேறு மாதிரி. நடுவிலோ முழுவதுமோ சுண்ணாம்பு படிந்திருந்தால் அநேகமாய்ப் பழைய வடு என்று தைரியமாய் இருக்கலாம். மூன்றாவது ஆளைப் பொறுத்தது. வயது என்ன, புகை உண்டா, எத்தனை வருஷம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பவை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி ஒன்று உண்டு. அது காலம். கெட்டியான புற்று என்பது சாதாரணமாய் ஒரு மாதத்திலிருந்து 400 நாளைக்குள் தன் பருமனில் இரட்டித்துவிடும். பழைய வடு அப்படியே கிடக்கும். சளிக் காய்ச்சலின் மிச்சமானால் சில வாரங்களில் கரைந்தே போகும். ஆகவே கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் அசையாமல் இருந்தால் அது அநேகமாய் ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டிவிடுகின்றார்கள். கண்ணாடியில் மூச்சுவிட்டது போல மங்கலாய்த் தெரியும் ஒரு ரகம் உண்டு. அது நத்தை வேகத்தில் வளரும் சாதியாகவும் இருக்கலாம் என்பதால் அதை ஐந்து வருஷம் வரை கவனிப்பார்கள். இங்கு ஒரு கணக்கு எச்சரிக்கை. 8 மில்லிமீட்டர் உருண்டை 10 ஆனால் "இரண்டு மில்லிமீட்டர்தானே" என்று அலட்சியம் செய்யக்கூடாது. லட்டு பிடிப்பவரைக் கேளுங்கள். குறுக்களவு கொஞ்சம் கூடினால் உள்ளே போகும் மாவு ஏறக்குறைய இரண்டு பங்காகிவிடும். அதேமாதிரி 6 என்பது 7 ஆனதற்காக அழவும் கூடாது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவதுண்டு.

இந்தக் கணக்குகளை எல்லாம் சேர்த்து, ஃப்ளைஷ்னர் சங்கம் என்ற நெஞ்சுப்பட நிபுணர்களின் சங்கம் 2005ல் ஒரு முறையை வகுத்து, 2017ல் அதைத் திருத்தியும் இருக்கின்றது. 35 வயதுக்கு மேற்பட்ட, முன்பே புற்று இல்லாத, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையாத மனிதனுக்கு ஒரே ஒரு கெட்டிப் புள்ளி 6 மில்லிமீட்டருக்குக் குறைவாய் இருந்து, அவனுக்குப் புகை முதலிய காரணங்களும் இல்லையானால் மறுபடியும் ஸ்கேன் வேண்டியதில்லை என்கின்றார்கள். காரணங்கள் இருந்தால் 12 மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கலாம் என்கின்றார்கள். 6 முதல் 8 வரையில் இருந்தால் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் மறுபடி படம். 8க்கு மேலே போனால் 3 மாதத்தில் படமோ, பெட் ஸ்கேனோ, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதோ, ஆளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். 2005ல் சொன்னதை 2017ல் மாற்றிக்கொண்டார்களே என்று கேலி செய்யும் வைதீகர்கள் உண்டு. அனுபவம் கூடியபோது மாற்றிக்கொள்ளுவதுதானே அறிவின் லட்சணம்?

இனி நமது முக்கியமான சங்கதிக்கு வருவோம். ஒரு சாமியாரோ, ஜோசியரோ, புள்ளி கரைக்கும் கஷாயம் விற்கிற வைத்தியரோ கடை விரிக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியுள்ள நூறு பேர் அவரிடம் போகின்றார்கள். நூறு பேருக்கும் விபூதி கொடுக்கின்றார். மேலே சொன்ன கணக்குப்படி, விபூதி கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், விபூதிக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலைக் கொடுத்தாலும், அவர்களில் சுமார் 96 பேருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்த 96 பேரும் ஆயுள் உள்ள மட்டும் அந்தச் சாமியாரின் சம்பளம் வாங்காத பிரசாரகர்களாய்த் திரிவார்கள். "டாக்டர் கேன்சர் என்றார், சாமி கரைத்துவிட்டார்" என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லுவார்கள். (டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, "நாட்யூல்" என்றார்.) மிச்சம் நாலு பேர்? அவர்கள் பிரசாரம் செய்ய இருக்கமாட்டார்கள். அவர்களுடைய வீட்டாரோ, "அவருக்கு நம்பிக்கை போதவில்லை" என்றும், "பூர்வ ஜென்ம வினை" என்றும் சொல்லித் தாங்களே சமாதானம் செய்துகொள்ளுவார்கள். பிழைத்தால் சாமி மகிமை. செத்தால் செத்தவன் குற்றம்! இதைப்போல நஷ்டமே இல்லாத வியாபாரம் இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று கேட்கின்றோம்.

இவ்விஷயத்தில் அந்த மகான்களுக்கு ஒரு சுலபமான பரீட்சையைச் சொல்லுகின்றோம். புள்ளியுள்ள 200 பேரைச் சேர்த்துக் குலுக்கிப் போட்டு, 100 பேருக்கு விபூதியும், மற்ற 100 பேருக்கு அதேபோன்ற சாதாரணச் சாம்பலும், யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாமல், படம் பார்ப்பவருக்கும் தெரியாமல் கொடுத்து, இரண்டு வருஷம் கழித்து இரு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். டாக்டர் சொல்லும் சிகிச்சை மட்டும் 200 பேருக்கும் தடையில்லாமல் நடக்க வேண்டும். இதற்கு அவர்கள் சம்மதிப்பார்களா?

இது ஏதோ நாம் வேடிக்கைக்குச் சொல்லுவதல்ல. இம்மாதிரி ஒப்பிட்டுப் பார்த்த காரியம் நம் சென்னையிலேயே நடந்து உலகத்துக்கே வழி காட்டியிருக்கின்றது. காசநோய்க்காரன் சானடோரியத்தில் மாதக்கணக்காய்ப் படுத்து, நல்ல காற்றும் பாலும் முட்டையும் சாப்பிட்டால்தான் பிழைப்பான் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏழைக்கு அது கிடைக்குமா? 1956ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாய்ப் பிரித்து, ஒரு கூட்டத்தைச் சானடோரியத்திலும் மற்றக் கூட்டத்தை அவரவர் குடிசையிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959ல் தெரிந்தது. பெரிய டாக்டர்களின் நம்பிக்கையும் அன்று கீழே விழுந்தது. அதற்காக யாரும் தீட்டுக் கழிக்கவில்லை, முறையை மாற்றிக்கொண்டார்கள். அதன் பலனைக் கோடிக்கணக்கான ஏழைகள் அனுபவித்து வருகிறார்கள்.

இதே கத்தியை டாக்டர்கள் பக்கமும் திருப்பாவிட்டால் நாம் யோக்கியர்கள் ஆகமாட்டோம். புள்ளி என்றவுடன் சளியைச் சோதிக்காமலே காசநோய் மருந்தை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆறிப்போன வடுவுக்கு மருந்து எதற்கு? அந்த மருந்து சிலருக்கு ஈரலைக் கெடுக்கவும் கூடியது. ஆறு மாதம் கழித்துப் புள்ளி வளரவில்லை என்றால், "பார், என் மருந்து தடுத்தது" என்று அவரும் சொல்லலாம். அப்படிச் சொல்லுபவருக்கும் விபூதிக்காரருக்கும் என்ன பேதம் என்பது நமக்கு விளங்கவில்லை. காசநோய் என்று சந்தேகம் இருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சோதித்துவிட்டுச் சாப்பிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதேமாதிரி "முழு உடம்புப் பரிசோதனை" என்று தீபாவளித் தள்ளுபடிபோல் விளம்பரம் செய்து மார்பு ஸ்கேனையும் அதில் சேர்த்துக் கட்டி விற்கும் வியாபாரத்தையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. நீண்ட காலம் புகை பிடித்த, வயதேறிய ஆளுக்குக் குறைந்த கதிர் ஸ்கேன் பிரயோஜனப்படும் என்பது மேலே சொன்ன ஆராய்ச்சியில் கண்டது. புகையே அறியாத முப்பது வயதுப் பையனுக்கு அதனால் வருவது பெரும்பாலும் ஒரு வடுவும் ஒரு வருஷப் பயமும்தான். அன்றியும் சாதாரண மார்பு ஸ்கேன் ஒன்றில் உடம்பில் ஏறும் கதிர், மார்பு எக்ஸ்ரேயைப்போல் பல பத்து மடங்கு. அவசியத்துக்கு எடுத்தால் அது பெரிதல்ல; பயத்துக்காக மாதம் ஒன்று எடுப்பது மடத்தனம்.

ஊசி வைத்துச் சதை எடுப்பதும் சும்மா காரியமல்ல. வெளியிலிருந்து நுரையீரலுக்குள் ஊசியைச் செலுத்தும்போது சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் காற்று கசிந்துவிடுகின்றது. பெரும்பாலும் தானே சரியாகும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். வேண்டியபோது அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று பயந்து ஓடுவது நாலு பேரில் ஒருவனை நாமே கொல்லுவதாகும். ஆனால் கடுகளவுக்கு ஊசி எதற்கு? பெட் ஸ்கேன் என்பதும் அப்படியே. சர்க்கரையை வேகமாய் உறிஞ்சும் இடத்தை அது ஒளியாய்க் காட்டுகின்றது. புற்றும் உறிஞ்சும், உயிரோடிருக்கும் காசநோயும் உறிஞ்சும். கொண்டைக்கடலைக்குக் கீழ்ப்பட்ட புள்ளியானால் அது கண்ணில் படாமலே போய்விடலாம். நம் நாட்டில் பெட் ஸ்கேன் ஒளிர்ந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்காருவது அறிவுடைமையாகாது.

இதற்கெல்லாம் மருந்து கேள்வி கேட்பதே. நம் ஜனங்களுக்கு டாக்டரிடம் கேள்வி கேட்பது என்றால் சந்நிதியில் குறுக்கே நிற்பது மாதிரி நடுக்கம். சாமியைக் கல் என்று சொல்லத் துணிந்தவன்கூட டாக்டர் முன் கை கட்டி நிற்கிறான். எத்தனை மில்லிமீட்டர்? கெட்டியா, மங்கலா? சுண்ணாம்பு உண்டா? என் பழைய படத்தில் இது இருந்ததா? மறுபடி எப்போது வரவேண்டும், ஏன் அப்போது? இவ்வளவையும் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். பதில் சொல்லச் சங்கடப்படுகிற டாக்டர் இருந்தால் வேறு டாக்டர் இல்லாமல் போய்விடவில்லை.

பழைய படம் என்றோமல்லவா? அதன் மதிப்பு நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்திய ஸ்கேனில் அதே புள்ளி அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், கெட்டிப் புள்ளியானால் அந்த ஒரு படத்தோடு வழக்கே தள்ளுபடியாகிவிடும். அப்படிப்பட்ட சாட்சியைப் பரணில் போட்டு எலிக்குக் கொடுக்கின்றோம். அல்லது சூரிய கிரகணத்தன்று எடுத்துக் கண்ணுக்கு முன் பிடிக்கின்றோம். (அதனால் கண்ணும் கெடும்.) வீட்டில் சாதகக் கட்டை மஞ்சள் தடவிப் பெட்டியில் வைக்கின்ற இடத்தில் இந்தப் படத்தையும் சி.டி. தட்டையும் வைத்தால் என்ன?

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை 1950ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பீடிக்கு அதில் விலக்கு ஏதும் இல்லை. நமது தோழர்கள் சிலர் மேடையில் இரண்டு மணி நேரம் மூடநம்பிக்கையை வெட்டி வீழ்த்திவிட்டு, கீழே இறங்கியதும் பந்தலுக்குப் பின்னால் போய் ஒன்றைப் பற்றவைக்கின்றார்கள். கேட்டால், "எங்கள் தாத்தா தொண்ணூறு வரை சுருட்டுக் குடித்தார்" என்கின்றார்கள். இதுவும் அந்த 96 பேருடைய சாட்சி மாதிரியானதுதான் என்று அவர்களுக்குத் தெரியாதா? விட்டுவிட்டால் பத்து வருஷத்தில் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது. புள்ளி கண்டவன் அன்றே செய்யத்தக்க பரிகாரம் ஒன்று உண்டென்றால் இதுதான். இதற்குத் தட்சணை இல்லை, மாதம் ஒரு தொகை மிச்சம்.

ஆனால் புகை பிடிக்காதவருக்கு வராது என்பதும் பொய். நம் நாட்டில் ஒருநாளும் புகை பிடிக்காத பெண்கள் பலருக்கு இந்த நோய் காணப்படுகின்றது. விறகடுப்பின் புகையும், பிறர் ஊதும் புகையும், பட்டணத்துக் கெட்ட காற்றும் சந்தேகிக்கப்படுகின்றன. அப்படியிருக்க, பெண்கள் விஷயத்தில் நடக்கும் அநியாயம் இன்னும் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்குப் புள்ளி என்று ரிப்போர்ட் வந்தால் அதை அவளிடம் காட்டுவதே இல்லை. "அவளுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள்" என்று புருஷனும் மகனும் கூடிப் பேசி, காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகின்றார்கள். ஆறு மாதத்தில் வரச் சொன்ன தேதி, அறுவடையும் பேத்தி சடங்கும் வந்த இடத்தில் மறந்துபோகின்றது. புள்ளி இருப்பது யாருடைய நெஞ்சில்? தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள அவளைவிட அக்கறை உள்ளவர் யார்? எந்த வீட்டில் இப்படி ஒரு காகிதம் பூட்டிக் கிடக்கின்றதோ, அந்த வீட்டுக்காரர் இதைப் படித்ததும் எழுந்து போய் அதை எடுத்து, அதில் எத்தனை மில்லிமீட்டர் என்றும், எந்த மாதம் வரச்சொல்லி எழுதியிருக்கிறது என்றும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும்.